ஷாக் மவுண்ட் மாற்றியதிலிருந்து இடது முன்பக்கம் ‘டொக்’ சத்தம்

2015 மாடல் டர்போ ஹாட்ச்பேக், முன்னால் மேக்பர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக இருக்கும் அமைப்பு). மூன்று வாரம் முன்பு ஷாக்கின் மேல்முனையை பாடியோடு பிடிக்கும் ரப்பர் மவுண்ட்டை எடுத்துவிட்டு உருண்டை பேரிங் மவுண்ட்டும், கன்ட்ரோல் ஆர்மில் (சக்கரத்தை பாடியோடு இணைக்கும் கை) ரப்பரைவிடக் கெட்டியான பாலியூரித்தேன் புஷ்ஷும் (மூட்டில் போடும் உறை) போட்டேன். வளைவில் கோடு போட்ட மாதிரி போகிறது, பழையதுக்குத் திரும்ப மனசில்லை. ஆனால் 20 கி.மீ. வேகத்தில் சின்ன மேடு ஏறினால் ‘டொக்’. பெரிய குழியில் வராது.

ஸ்டேபிலைசர் லிங்க் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பு) புதுசு. புஷ்ஷுக்கு சிலிக்கான் கிரீஸ் மறுபடி வைத்தாயிற்று. ஆர்ம் போல்ட்டையும் சரியான டார்க்கில் (முறுக்கு விசை அளவில்) முறுக்கிவிட்டேன். அப்புறம் போனட்டைத் திறந்து, ஒருவர் வண்டியை அமுக்கி ஆட்ட, மவுண்ட்டின் நடு நட்டில் விரல் வைத்தேன்: ஒவ்வொரு சத்தத்துக்கும் லேசாக ஒரு தட்டல் தெரிகிறது.

பேரிங் தேய்ந்துவிட்டதா, இல்லை ஷாக் தண்டின் ஸ்லீவ் (பேரிங்குக்குள் தண்டைப் பிடிக்கும் குழல்) சரியாக உட்காரவில்லையா என்று ஸ்ட்ரட்டைக் கழற்றாமல் கண்டுபிடிக்க என்ன வழி?