மதராஸ் கடற்கரையின் பழைய அச்சுப்படம்: கோடுகளை எப்படிப் பார்ப்பது?

ராயபுரத்து வாசகி:
தாத்தா மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் வாங்கிய அச்சுப்படம் ஒன்று எங்கள் ராயபுரத்து வீட்டுக் கூடத்தில் நெடுங்காலமாகத் தொங்குகிறது. இடப்பக்கம் நங்கூரமிட்ட பாய்மரக் கப்பல்கள், நடுவில் அலைமேல் ஏறி நிற்கும் மசூலாப் படகு (கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆட்களையும் சரக்கையும் ஏற்றிச் சென்ற படகு), வலப்பக்கம் கரையில் தூண் போன்ற கலங்கரை விளக்கம். கண்ணாடியை மாற்றக் கழற்றியபோதுதான் அருகில் வைத்துப் பார்த்தேன்: வானம் முழுவதும் மயிரிழை போன்ற கிடைக்கோடுகள், அவற்றினூடே மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கீறல், தாளின் பின்புறம் ஆங்கில எழுத்துகள். எப்போது பார்த்தாலும் கண் அந்தப் படகிலேயே போய் நிற்கிறது. காரணம் சொல்லத் தெரியவில்லை. நிழற்படம் இணைத்துள்ளேன். இதை ரசிக்க எங்கிருந்து தொடங்குவது? அந்தக் கீறலைச் சரிசெய்யலாமா?

மண்ணடி அச்சகத்தார்:
அதைத் தொடவே தொடாதீர்கள் அம்மா, அது சேதமன்று. பின்புறம் எழுத்து இருப்பதைப் பார்த்தால் இது 19ஆம் நூற்றாண்டுப் படப் பத்திரிகையின் தாளாகத்தான் இருக்க வேண்டும். 1842இல் தொடங்கிய இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் போன்ற இதழ்களுக்குப் பாக்ஸ்வுட் மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் படம் செதுக்கினார்கள். அந்த மரம் பருத்து வளராது என்பதால், பெரிய படத்தைச் சிறு கட்டைகளாகப் பிரித்து, வெவ்வேறு கைகளில் கொடுத்துச் செதுக்கச் செய்து, பிறகு ஒன்றாக முடுக்குவார்கள். உங்கள் வெள்ளைக் கீறல் அந்த இணைப்பு. அதன் இருபுறமும் வானத்துக் கோடுகளின் தடிமன் மாறுகிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள்.

மரச்செதுக்கில் மை ஏறுவது செதுக்காமல் விட்ட மேட்டில். தாளில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் உளி தோண்டிய பள்ளம். படகின் அடியில் நிழலுக்காகக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் பின்னியிருக்கின்றன அல்லவா, அவற்றுக்கு இடையிலுள்ள ஒவ்வொரு வெள்ளைப் பொட்டையும் தனித்தனியே தோண்டி எடுத்திருக்கிறார்கள். அந்த அடர்ந்த கருமையை ஒட்டியே, ஒரு கோடும் இல்லாத நுரை. படத்தில் இருளும் வெளிச்சமும் இவ்வளவு நெருங்கி நிற்கும் இடம் வேறில்லை. கண் அங்கே போவது அதனால்தான்.

காசிமேட்டுக்காரன்:
அச்சக ஐயா சொன்னதோடு இன்னொன்று. வானமும் தொடுவானமும் கிடையாகவும், பாய்மரங்களும் கலங்கரை விளக்கமும் நெடுக்காகவும் நிற்க, படகும் துடுப்புகளும் மட்டுமே சாய்ந்திருக்கின்றன. அசைவு முழுவதும் அந்தச் சாய்வில் இருக்கிறது. படகின் பலகை ஓரத்தில் வரிசையாகச் சிறு கீறல்கள் தெரிகின்றன. அவை அலங்காரமல்ல, தையல். மசூலாவுக்கு ஆணி கிடையாது; பலகைகளைக் கயிற்றால் தைப்பார்கள், அலை அடித்தால் வளைந்து கொடுக்கும். இதைக் கவனித்து வரைந்தவர், படகை அலைக்கு விலா காட்டி நிறுத்தியதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அணியம், அதாவது படகின் முன்முனை, அலையைப் பார்த்திருக்க வேண்டும். இப்படி நின்றால் கவிழும். சாய்வு அழகாகத் தெரிய வேண்டும் என்று செய்திருக்கிறார்கள்.

அந்தத் தூண், உயர்நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கும் 1844ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கம். 1860களின் தொடக்கத்தில் வந்த இரும்புத் துறைப்பாலம் படத்தில் இல்லை. ஆகவே காட்சி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. கடல் இடப்பக்கமும் ஊர் வலப்பக்கமும் இருப்பதால், வரைந்தவர் வடக்கே, நம் பக்கத்திலிருந்து தெற்கு நோக்கிப் பார்த்திருக்கிறார்.

ராயபுரத்து வாசகி:
இருவருக்கும் நன்றி. இப்போதுதான் பூதக்கண்ணாடியில் பார்த்தேன்: இணைப்புக்கு இடப்பக்கம் கோடுகள் மெலிந்து நெருங்கியும், வலப்பக்கம் சற்றுத் தடித்தும் இருக்கின்றன.