ஏரியில இருக்கிற பச்சை எல்லாம் ஆகாயத்தாமரைதானா?

மேடவாக்கம்வாசி:
வர்ற ஞாயிற்றுக்கிழமை எங்க ஏரியைச் சுத்தம் பண்றோம், சங்கத்துல இருந்து இருபது பேர். ஆகாயத்தாமரையை மொத்தமா எடுத்துடணும்னு பேச்சு. நேத்து போய்ப் பார்த்தா எல்லாம் ஒரே செடியா இல்ல. ஒண்ணுக்கு இலைக்காம்பு உப்பியிருக்கு. ஒண்ணு நாலு நாலு இலையா மிதக்குது. ஓரத்துல ஆள் உயரத்துக்குப் புல். எதை எடுக்கலாம், எதை விடணும்?

ஏரிக்கரை:
நல்லவேளை, இறங்குறதுக்கு முன்னாடி கேட்டீங்க. காம்பு உப்பினது வெங்காயத்தாமரை. அதைத்தான் நம்ம பக்கம் ஆகாயத்தாமரைங்கிறோம். நிஜ ஆகாயத்தாமரை வேற: காம்பே இல்லாம, குட்டி முட்டைக்கோஸ் மாதிரி மிதக்கும்.

வெங்காயத்தாமரை தென் அமெரிக்கச் செடி. காம்பை ஒடிச்சுப் பாருங்க, உள்ள பஞ்சா காத்து நிக்கும். சாக்கடை கலந்த தண்ணியில கிடுகிடுன்னு பரவி மூடிடும். வெயில் கீழ இறங்காது, அடியில இருக்கிற வேலம்பாசி அழிஞ்சுடும். தாராளமா எடுங்க. ஆனா கலங்கல் பக்கம், அதாவது ஏரி நிரம்பினா தண்ணி வெளியேறுற இடத்துல, குவிக்காதீங்க. அந்தத் தண்ணி போய்ச் சேர்ற இடம் பள்ளிக்கரணை, 2022ல ராம்சர்ங்கிற உலக முக்கிய ஈரநிலப் பட்டியல்ல வந்த சதுப்புநிலம். ஒரு துண்டு போனாலும் அங்க முளைக்கும்.

நாலு இலை ஆரைக்கீரை. பெரணி இனம், பூக்காது. விட்டுடுங்க. உயரமா நிக்கிறது சம்புப் புல்லா இருக்கும், பழுப்புக் கதிர் இருக்கான்னு பாருங்க. நீலத் தாழைக்கோழி அதுக்குள்ளதான் கூடு கட்டும். அடர்த்தியா இருந்தா கொஞ்சம் கழிக்கலாம், வேரோட பிடுங்காதீங்க.

எங்க ஏரியில மூணு வருஷம் முன்னாடி ஜேசிபி விட்டு வழிச்சாங்க. அல்லி, கொட்டி, கோரை எல்லாம் போச்சு. அடுத்த மழைக்கு முதல்ல வந்தது வெங்காயத்தாமரை. அல்லி இன்னிக்கு வரைக்கும் வரல. தினமும் நடக்கப் போறப்ப அது இருந்த மூலையைப் பார்த்துட்டுத்தான் வர்றேன்.

கீரைக்காரி:
கரையில பொன்னாங்கண்ணின்னு பறிக்கிறவங்களுக்கும் சொல்லுங்க. பூ இலைக்கணுவுல ஒட்டியிருந்தாதான் அது பொன்னாங்கண்ணி. நீளக் காம்பு மேல வெள்ளை உருண்டையாப் பூத்து, தண்டு குழலா இருந்தா அது வெளிநாட்டுக் களை. எதுவா இருந்தாலும் சாக்கடைத் தண்ணியில வளர்ந்ததைச் சமைக்காதீங்க.

மேடவாக்கம்வாசி:
ரெண்டு பேருக்கும் நன்றி. காலையில திரும்பப் போனேன். வடக்கு மூலையில வட்ட இலை தண்ணியோட படுத்திருக்கு, ஒரு பக்கம் பிளவு. தாமரையா, அல்லியா?

ஏரிக்கரை:
பிளவு இருந்தா அல்லி. தாமரை இலை முழு வட்டம், காம்பு நடுவுல பிடிச்சிருக்கும், தண்ணி ஒட்டாது. அந்த மூலைக்கு யாரையும் விடாதீங்க!

மேடவாக்கம்வாசி:
சவுக்குக் கழி நட்டு சிவப்புத் துணி கட்டிட்டேன். சங்க வாட்ஸ்அப்புல படமும் போட்டாச்சு.