புதுப்பிப்பு: அந்த பைராடா ஒயின் கெட்டுப்போகவில்லை

போர்ச்சுகலில், கோயம்பிரா நகரத்தில் வாங்கிய பைராடா வட்டாரச் சிவப்பு ஒயின் நாக்கை இழுத்துப் பிடிக்கிறது, கெட்டுவிட்டதா என்று போன வாரம் கேட்டிருந்தேன். கெடவில்லை, அவசரப்பட்டது நான்தான்.

அது பாகா திராட்சை. பழம் சின்னது, தோல் தடிமன். துவர்ப்புக்கு அந்தத் தோல் ஒரு முக்கியக் காரணம். பைராடா அட்லாண்டிக்கை ஒட்டிய களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த பூமி. பாகா தாமதமாகத்தான் பழுக்கும். அதற்குள் மழை முந்திக்கொண்டால் முழுசாகப் பழுக்கும் முன்பே பறிக்க வேண்டிவரும், புளிப்பும் துவர்ப்பும் இன்னும் தூக்கலாகிவிடும்.

இரண்டாவது பாட்டிலை ஜாடியில் ஊற்றி இரண்டு மணி நேரம் காற்றாட விட்டேன். அப்புறம் மெயாலியாடாவில் வாங்கிவந்த லெய்த்தாவ்ங், அதாவது பூண்டும் மிளகும் பன்றிக்கொழுப்பும் அரைத்துத் தடவி, விறகடுப்பில் முழுசாகச் சுட்ட பால்குட்டிப் பன்றி. தோல் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அந்தக் கொழுப்பு வாயில் இருக்கும்போது ஒரு மிடறு குடித்தால் துவர்ப்பு போன இடம் தெரியவில்லை! இங்கே பலரும் இதற்கு நுரைக்கும் ஒயின்தான் கேட்கிறார்கள். எனக்குச் சிவப்பே சரி.

மீதிப் பாட்டில் ஷன்ஃபானாவுக்கு. ஆட்டுக்கறியைச் சிவப்பு ஒயினிலேயே மண்சட்டியில் மணிக்கணக்கில் வேகவைப்பது. மீனோடு மட்டும் இதைக் குடிக்காதீர்கள், வாயெல்லாம் இரும்பு நெடி. பட்டுவிட்டேன்.