வினிகர் குளியலில் எனக்கு அரிப்பு அடங்குகிறது, ஏன் மறுக்கிறீர்கள்?

மழைத்துளி:
பத்து வருடமாக எனக்கு எக்ஸிமா, அதாவது தோல் வறண்டு அரிக்கும் நோய். முழங்கை மடிப்பும் முழங்காலின் பின்புறமும் சொறிந்து சொறிந்து தடித்துப்போய்விட்டன. மூன்று வாரமாகக் குளியல் தொட்டியில் வெதுவெதுப்பான நீர் நிரப்பி, அரை லிட்டர் ஆப்பிள் சைடர் வினிகர் ஊற்றி, வாரம் மூன்று நாள் 15 நிமிடம் உட்காருகிறேன். எழுந்ததும் மாய்ஸ்சரைசர். இப்போது இரவில் தூங்க முடிகிறது. காரணமும் தெளிவாகத்தான் இருக்கிறது. நல்ல தோலின் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு; 7-க்குக் கீழே இறங்க இறங்க அமிலம் கூடும்) ஏறத்தாழ 5, அதாவது லேசான அமிலம். எக்ஸிமா வந்த தோலில் அது ஏறிவிடுகிறது. வினிகர் அதை இறக்குகிறது.

கரைசல்:
தூக்கம் வந்ததில் மகிழ்ச்சி. ஆனால் அந்தக் காரணத்தைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு, 2019-இல் வெளியானது. எக்ஸிமா உள்ளவர்கள் 11 பேர், இல்லாதவர்கள் 11 பேர். ஒரு முன்கை நீர் கலந்த வினிகரில், மறு கை வெறும் நீரில், தினமும் 10 நிமிடம், 14 நாள். தோலின் தடுப்புத்திறன் மேம்படவில்லை. இறங்கிய பி.எச். ஒரு மணி நேரத்துக்குள் பழையபடி ஆகிவிட்டது. 22 பேரில் 16 பேருக்கு எரிச்சல் போன்ற தொந்தரவு. தோலில் உள்ள பாக்டீரியாக்களும் மாறவில்லை என்று அதே குழுவினர் 2021-இல் எழுதினார்கள்.

மழைத்துளி:
அந்த ஆய்வை நானும் படித்தேன். அவர்கள் பயன்படுத்தியது 0.5 சதவீத அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரில் உள்ள அமிலம். என் கணக்கைப் பாருங்கள்: 5 சதவீத வினிகர் அரை லிட்டர் என்றால் அமிலம் 25 கிராம். தொட்டியில் 150 லிட்டர் நீர். 0.017 சதவீதம்கூட வராது. அவர்களுடையது 30 மடங்கு வீரியம். அதில் எரிந்தது என்பதற்காக என் குளியலும் எரிக்கும் என்று எப்படிச் சொல்வீர்கள்?

கரைசல்:
எரிச்சலைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே கணக்கு பலனுக்கும் பொருந்துமே! 30 மடங்கு கூடுதலாக இருந்தும் ஒரு மணி நேரம் தாங்காத அமிலம், உங்கள் தொட்டியில் என்ன செய்யும்? இன்னொன்று, உங்கள் நீர் கடினநீரா? அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் ஒரு லிட்டருக்கு 170 மில்லிகிராம் அளவுக்கு இருந்தாலே அந்த 25 கிராம் அமிலமும் தீர்ந்துவிடும். நிலத்தடி நீரில் அதைவிடக் கூடுதலாக இருப்பது சாதாரணம். மென்னீராக இருந்தால்தான் பி.எச். 4 பக்கம் இறங்கும். உங்களுக்கு வேலை செய்வது வெதுவெதுப்பான நீரும், ஈரம் காயுமுன் பூசும் மாய்ஸ்சரைசரும்தான் என்பது என் கருத்து.

விடியல்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். குறைந்த அளவைப் பற்றி நீங்கள் இருவரும் பேசுகிறீர்கள். ஆனால் "வினிகர் தோலுக்கு நல்லது" என்று கேள்விப்படுகிறவர்கள் அளவைக் கேட்பதில்லை. என் தங்கை கழுத்து மருவில் பஞ்சில் நனைத்து அப்படியே கட்டிவிட்டாள். காலையில் கொப்புளம், இன்றும் தழும்பு இருக்கிறது. மச்சத்தை எடுக்கப்போய் 14 வயதுப் பெண்ணுக்கு வினிகரால் தோல் வெந்ததை மருத்துவ இதழிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். அப்புறம், எக்ஸிமாவுக்கு பிளீச் குளியல் (நீரில் சிறிது பிளீச் திரவம் கலந்து குளிப்பது) எடுப்பவர்களும் உண்டு. அந்த நீரில் வினிகர் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். இதையும் சேர்த்துச் சொல்லாமல் யாருக்கும் பரிந்துரைக்காதீர்கள், தயவுசெய்து.

மழைத்துளி:
விடியல், உங்கள் தங்கைக்கு நடந்தது மனதைப் பிசைகிறது. நான் எழுதியதில் அந்த எச்சரிக்கை இல்லை, இருந்திருக்க வேண்டும். ஆனால் கரைசல், மாய்ஸ்சரைசர் நான் வருடக்கணக்காகப் பூசுகிறேன். அப்போதெல்லாம் வராத தூக்கம் இப்போது மட்டும் எப்படி வந்தது?

கரைசல்:
முன்பு குளித்து எவ்வளவு நேரம் கழித்துப் பூசினீர்கள்?

மழைத்துளி:
உடை மாற்றி, சாப்பிட்டு, படுக்கப் போகும்போது. இப்போது தொட்டியை விட்டு எழுந்த உடனே.

கரைசல்:
அப்படியானால் இரண்டு வாரம் வினிகரை மட்டும் நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்.

மழைத்துளி:
சரி, செய்கிறேன். இருந்தாலும் என் நம்பிக்கை இன்னும் போகவில்லை. இன்று கடைசியாக ஒருமுறை வினிகர் ஊற்றி, பி.எச். தாளில் பார்க்கிறேன். எப்போது நனைக்க வேண்டும்?

கரைசல்:
ஊற்றுவதற்கு முன் ஒன்று, நன்றாகக் கலக்கிய பின் ஒன்று. மடிப்பில் வெடிப்போ நீர்க்கசிவோ இருந்தால் இன்று உட்கார வேண்டாம், நீரை மட்டும் சோதியுங்கள்.