பாபிலோன் பாணியில் வானக் குறிப்பேடு: மாணவர்களை என்ன எழுத வைக்கலாம்?

பிறைதேடி:
வானியல் மன்றத்தின் உயர்நிலை 2 மாணவர்களுக்கு ஒரு மாதத் திட்டம் இது. பாபிலோனிய அறிஞர்கள் எழுதியதுபோல் தினசரிக் குறிப்பேடு, தொலைநோக்கி இல்லாமல். எதை, எந்த அளவில் பதிவது? சிங்கப்பூர் மேகத்துக்குத் தாங்குமா?

களிமண்_பலகை:
தாங்கும். கிமு 652 முதல் கிமு 61 வரையிலான குறிப்பேடுகள் கிடைத்துள்ளன. மேகமும் மழையும் அவற்றிலும் நிறைய உண்டு.

நிலா ஒரு நட்சத்திரத்தைக் கடக்கும்போது எவ்வளவு தள்ளி, மேலா கீழா என்று எழுதினார்கள். அவர்கள் கணக்கில் 24 'விரல்' ஒரு முழம் (இந்த 'விரல்' ஒரு சிறு அலகு, நம் கைவிரல் அகலம் அல்ல). வானத்தில் ஏறக்குறைய 2 பாகை. கையை முழுதாக நீட்டினால் சுண்டுவிரல் அகலம் 1 பாகை, ஆக இரண்டு அகலம் ஒரு முழம். முழங்கை மடங்கினால் விரல் பெரிதாகத் தெரிந்து அளவு குறைந்துவிடும். முழுநிலவை வைத்துச் சரிபாருங்கள்: அரைப் பாகை, 6 விரல். நட்சத்திரங்களுக்கு ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை போதும். நான்கும் நிலாவின் பாதையருகே இருப்பவை, நகர வெளிச்சத்திலும் தெரியும்.

நேரத்துக்கு, ஒரு நாள் 360 பங்கு. பங்குக்கு 4 நிமிடம். பிறை முதலில் தெரியும் மாலையில் சூரியன் மறைந்தபின் நிலா மறைய எத்தனை பங்கு என்பது முக்கியப் பதிவு. 48 நிமிடம் என்றால் 12.

பார்க்க முடியாதபோது 'பார்க்கவில்லை' என்றே எழுதினார்கள். கணக்கிட்ட எண்ணைப் போட்டாலும் பக்கத்தில் அதைக் குறித்தார்கள். இந்த விதியை விட்டீர்களோ, பிள்ளைகள் செயலியைப் பார்த்து நிரப்பிவிடுவார்கள். திட்டம் அத்தோடு போச்சு.

மேற்கு_அடிவானம்:
இடம் முக்கியம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக் ஒன்று 5 பாகை உயரத்துக்கு மறைத்தாலே இங்கே 20 நிமிடம், அதாவது 5 பங்கு போய்விடும். மேற்கே திறந்த பலமாடி கார் நிறுத்துமிடத்தின் மேல்தளம் தேடுங்கள்.

பிறைதேடி:
நன்றி. சந்தை விலையும் எழுதினார்களாமே, அது எதற்கு?

களிமண்_பலகை:
ஆமாம், யூப்ரடீஸ் ஆற்றின் நீர்மட்டமும் உண்டு. எனூமா அனு என்லில் என்ற சகுனத் தொகுப்பு கிரகணத்தையும் சந்தையையும் வெள்ளத்தையும் முடிச்சுப் போடும். குறிப்பேடோ பலன் சொல்லாமல் அருகருகே எழுதிவைக்கும். எனக்குப் பிடித்தது இந்த அடக்கம்தான். ஒரு ஷெக்கல், சுமார் 8.3 கிராம், வெள்ளிக்கு வாற்கோதுமை, பேரீச்சை, எள், கம்பளி எவ்வளவு கிடைக்கும் என்பதே பதிவு. விலை ஏறினால் எண் குறையும், மாணவர்கள் குழம்புவார்கள். தேக்கா சந்தையில் 10 சிங்கப்பூர் வெள்ளிக்கு எத்தனை கிலோ வெங்காயம் என்று எழுதச் சொல்லுங்கள்.

மேற்கு_அடிவானம்:
சுக்கிரனையும் சேருங்கள். 8 ஆண்டுக்கு முந்தைய பதிவைப் புரட்டித்தான் அதை முன்கூட்டிச் சொன்னார்கள். நம் நாட்காட்டியில் இரண்டு மூன்று நாள் முன்னதாக அதே இடத்துக்கு வரும்.