24 பிரேம் அனிமேஷன், 29.97 டைம்லைன்: பேன் ஷாட் குலுங்குகிறது, உதட்டசைவு முந்துகிறது

கோட்டோவியன்:
வணக்கம். இரண்டு நிமிடக் குறும்படம், பிரீமியர் புரோ மென்பொருளில் எடிட் செய்கிறேன். கைவசம் இருப்பவை:

– ஷாட் 3: கையால் வரைந்தது, 720 பிஎன்ஜி படங்கள், நொடிக்கு 24 பிரேம் கணக்கு, ஒரே ஓவியம் அடுத்தடுத்த இரண்டு பிஎன்ஜியாக நிற்கும்
– ஷாட் 5: பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் 24-ல் ரெண்டர் செய்த எம்பி4, நீளமான பேன் (கேமரா பக்கவாட்டில் திரும்பும் காட்சி)
– ஷாட் 7: பின்னணிக்கு நிஜ அருவி வீடியோ, 29.97

அருவியை முதலில் இழுத்துப் போட்டுத்தான் டைம்லைன் உருவாக்கினேன். இப்போது ஷாட் 3-ல் வாய் வசனத்தை முந்துகிறது. ஷாட் 5-ல் பேன் சீரான இடைவெளியில் குலுங்குகிறது. இடைப்பட்ட பிரேம்களை மென்பொருளே உருவாக்கும் ஆப்டிகல் ஃப்ளோ போட்டால் சரியாகுமா?

நிழல்பெட்டி:
இரண்டும் வேறு வேறு நோய். வேகமே தவறா, வேகம் சரியாக இருந்தும் குலுங்குகிறதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

ஷாட் 3-ல் வேகம் தவறு. 720 படம் 24 கணக்கில் 30 நொடி ஓட வேண்டும். உங்கள் டைம்லைனில் அநேகமாக 24 நொடியில் முடிந்திருக்கும். படவரிசைக்குள் பிரேம் ரேட் எதுவும் எழுதப்பட்டிருக்காது. பிரிஃபரன்சஸில் மீடியா பக்கத்தில் இருக்கும் 'இன்டிடெர்மினேட் மீடியா டைம்பேஸ்' மதிப்பைத்தான் பிரீமியர் எடுத்துக்கொள்ளும். அதை 24 ஆக்குங்கள். ஏற்கெனவே கொண்டுவந்த கோப்புக்கு ப்ராஜெக்ட் பேனலில் ரைட் கிளிக், மாடிஃபை, இன்டர்பிரெட் ஃபுட்டேஜ், 'அஸ்யூம் திஸ் ஃப்ரேம் ரேட்' 24. கிளிப்பின் ஸ்பீடை 80% ஆக்கிச் சமாளிக்க வேண்டாம். பிறகு பிரேம் எண்ணிக்கை எதுவும் பிடிபடாது.

ஷாட் 5-ல் வேகம் சரி. ஆனால் 24 பிரேமை 30 இடத்தில் நிரப்ப, நான்குக்கு ஒன்று இரட்டிக்கிறது. அம்புக்குறி விசையால் ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பாருங்கள்: நான்கு முறை பின்னணி நகரும், ஐந்தாவது முறை அப்படியே நிற்கும். நொடிக்கு ஆறு முறை இப்படித் தடுக்கினால் கண்ணுக்குக் குலுக்கல்தான்.

டைம்லைனையே 24 ஆக்குங்கள். திரும்ப வரைய முடியாததற்குத்தான் டைம்லைன் வளைந்து கொடுக்க வேண்டும். பழைய சீக்வென்ஸின் (பிரீமியரில் டைம்லைனுக்கு அதுதான் பெயர்) அமைப்பை மாற்றுவதைவிட, புதிதாக 24.00 சீக்வென்ஸ் திறந்து கிளிப்புகளை ஒட்டுங்கள். கேட்டால் 'கீப் எக்ஸிஸ்டிங் செட்டிங்ஸ்'. ஒட்டியபின் வெட்டு ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பாருங்கள், ஒரு பிரேம் கறுப்பு இடைவெளி விழுந்திருக்கலாம். நெஸ்ட் செய்த, அதாவது ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த சீக்வென்ஸ்களுக்குத் தனி டைம்பேஸ் (பிரேம் ரேட்) உண்டு, அவற்றையும் மாற்ற வேண்டும்.

பட்டியலில் 23.976-ம் 24-ம் அடுத்தடுத்து இருக்கும். மாற்றித் தொட்டால் ஆயிரம் பிரேமுக்கு ஒன்று, அதாவது ஏறத்தாழ 42 நொடிக்கு ஒருமுறை தடுக்கும். இரண்டு நிமிடப் படத்தில் இரண்டு மூன்று இடம்தான். கண்டுபிடிப்பதற்குள் உயிர் போகும்.

மைப்புட்டி:
ஆப்டிகல் ஃப்ளோவைக் கோட்டோவியத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். இரண்டு படங்களுக்கு நடுவே புதிய படத்தை ஊகித்து வரைவது அதன் வேலை. இரண்டு பிரேம் அசையாமல் நின்று சட்டென்று தாவும் வரைபடத்தில் அந்த ஊகம் தப்பி, கோடு ஜவ்வு மாதிரி இழுபடும். அடுத்தடுத்த பிரேம்களைக் கலக்கும் ஃப்ரேம் பிளெண்டிங்கில் கோடு இரட்டையாக, ஆவி போலத் தெரியும். கிளிப்பிலும் எக்ஸ்போர்ட்டிலும் டைம் இன்டர்போலேஷன் 'ஃப்ரேம் சாம்ப்ளிங்' என்றே இருக்கட்டும்; அது புதிதாக எதையும் வரையாது, இருக்கும் பிரேமையே காட்டும்.

அருவி வேறு கதை. அதையும் 24 என்று இன்டர்பிரெட் செய்யுங்கள். 10 நொடி கிளிப் ஏறக்குறைய 12.5 நொடியாக நீளும். பிரேம் ஒன்றுகூட விடுபடாது, தண்ணீர் மெதுவாக விழுவது உறுத்தாது, அழகுகூட. அதன் ஒலி தடித்துவிடும், அதை மட்டும் எடுத்துவிடுங்கள். மனிதர்கள் நடக்கும் காட்சிக்கு இந்த வழி ஆகாது.

கோட்டோவியன்:
புதிய சீக்வென்ஸில் ஷாட் 3 சரியாக 30 நொடி, உதடு வசனத்தோடு உட்கார்ந்துவிட்டது. ஷாட் 5-ல் பின்னணி வழுக்கிக்கொண்டு போகிறது. ஆனால் அதன்மேல் நடக்கும் பாத்திரம் மட்டும் இன்னும் நடுங்குகிறது. அது கையால் வரைந்து பிளெண்டரில் வைத்தது.

நிழல்பெட்டி:
இது எடிட்டிங்கில் தீராது. பின்னணி ஒவ்வொரு பிரேமும் நகர்கிறது, பாத்திரம் இரண்டு பிரேமுக்கு ஒருமுறை. ஒரு பிரேம் பின்னணியோடு ஒத்துப்போகிறது, அடுத்ததில் பின்தங்குகிறது; அதுதான் நடுக்கம். படங்கள் இரண்டு பிரேம் நின்றால் பரவாயில்லை, பாத்திரத்தின் இடப்பெயர்ச்சியைப் பிரேமுக்குப் பிரேம் கீ செய்யுங்கள் (அதன் இடத்தைப் பதியுங்கள்). பிளெண்டரில் அந்த இடப்பெயர்ச்சி வளைவில் கான்ஸ்டன்ட் (அடுத்த கீ வரை அசையாது) இருந்தால் லீனியர் (சீராக நகரும்) ஆக்கிவிட்டு ரெண்டர் எடுங்கள். தரையில் ஊன்றிய கால் வழுக்குவது தெரிந்தால், அந்த நடையை மட்டும் பிரேமுக்கு ஒரு படமாக வரைவதைத் தவிர வழியில்லை.