மறு: மைக்ரோபயோமுக்குத் தமிழில் என்ன சொல்?

குழும அன்பர்களுக்கு வணக்கம். குடல் போன்ற ஓரிடத்தில் வாழும் நுண்ணுயிர்களையும் அவற்றின் சூழலையும் சேர்த்துக் குறிக்கும் ‘மைக்ரோபயோம்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சுக்கு என் பதில் இது.

> ‘குடல் கிருமித்தொகை’ என்று வைத்தால் எல்லாருக்கும் எளிதில் விளங்குமே.

விளங்கும் ஐயா, ஆனால் தப்பாக விளங்கும். மண்டபம், பாம்பன் பக்கத்து ஊர்களுக்கு உடல்நலக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். இங்கே கிருமி என்றாலே கொல்ல வேண்டியது. வைரஸால் வரும் சளிக்குக்கூட, மருத்துவர் சீட்டில்லாமல் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குகிறார்கள். அது பெருங்குடலில் நமக்காக உழைக்கும் பாக்டீரியாக்களையும் சேர்த்து அழிக்கிறது. காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற தீங்கான பாக்டீரியா பெருகினால் கடும் வயிற்றுப்போக்குதான். இதைத் தடுக்க எழுதும் கையேட்டில் ‘உங்கள் கிருமிகளைக் காப்பாற்றுங்கள்’ என்றால் யார் கேட்பார்கள்?

‘நுண்ணுயிர்த்தொகுதி’ நல்ல சொல். அதை மைக்ரோபயோட்டாவுக்கு, அதாவது உயிர்களுக்கு மட்டும், வைத்துக்கொள்வோம். மைக்ரோபயோம் அதைவிட அகலமானது. 1988இல் அதை வரையறுத்தவர்கள் நுண்ணுயிர்களோடு அவை வாழும் சூழலையும் சேர்த்தே சொன்னார்கள். 2001இல் அமெரிக்க மரபியலாளர் ஜோஷுவா லெடர்பெர்க் மனித உடம்பை வைத்து அதைப் பேசினார். இன்று அவற்றின் மரபணுக்களும் அதற்குள் அடங்கும்.

இடமும் உயிரும் சேர்ந்த ஒன்றைக் குறிக்க நம்மிடம் சங்க இலக்கியத்தின் ‘திணை’ இருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கே வாழ்பவை முதலானவை கருப்பொருள். குடலுக்கும் இது அப்படியே பொருந்துகிறது. இரைப்பையின் அமிலத்தில் வாழ்பவை வேறு, ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாத பெருங்குடலில் வாழ்பவை வேறு. பொழுதும் உண்டு: சாப்பாட்டை அடியோடு மாற்றினால் சில நாள்களிலேயே அந்தக் கலவை மாறிவிடுகிறது. ஆகவே ‘நுண்ணுயிர்த்திணை’, குடலுக்குக் ‘குடல்திணை’.

நெய்தல் நிலத்துக்காரர்களுக்கு இதில் இன்னொரு செய்தி உண்டு. ஜப்பானியர் குடலில் வாழும் ஒரு பாக்டீரியாவிடம், அவர்கள் உண்ணும் நோரி என்ற கடற்பாசியின் கூட்டுச்சர்க்கரையை உடைக்கும் மரபணு இருப்பதை 2010இல் கண்டுபிடித்தார்கள். அது கடல் பாக்டீரியாவிடமிருந்து வந்தது. பாசியோடு சேர்ந்து வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். கஞ்சிப்பாசியைக் காய்ச்சிக் குடித்த கரை நம்முடையது. நிலம் குடலுக்குள் குடியேறும் என்பதை இதைவிட எப்படிச் சொல்ல?

> திணை என்பதைத் தினை என்று படித்துவிடுவார்களே?

அம்மா சொல்வது சரியான தடை. சாப்பாட்டைப் பற்றிய கையேட்டில் தானியப் பெயரும் வரும் என்பதால் குழப்பம் கூடும். அதனால் ‘திணை’ என்று தனியாக எங்கும் எழுத வேண்டாம்; எப்போதும் ‘குடல்திணை’ என்று சேர்த்தே எழுதலாம். முதல் பக்கத்தில் ஒரு வரி விளக்கமும் கொடுத்துவிடலாம்.

சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் நிற்குமா என்று தெரியும். கையேட்டிலிருந்து ஒரு பத்தி:

“விடிகாலையில் பழைய சோற்று நீச்சுத்தண்ணியில் உப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக் குடித்துவிட்டுப் பாசி எடுக்க இறங்குகிறீர்களே, அதை விட்டுவிடாதீர்கள். ஊறிய சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியா இருக்கிறது. குதிரைவாலி, பருப்பு, கீரை, முருங்கைக்காய் ஆகியவற்றின் நாரை நம்மால் செரிக்க முடியாது; குடல்திணையில் உள்ளவை அதை நொதிக்கவைத்துப் பியூட்டிரேட் என்ற கொழுப்பமிலத்தைத் தருகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு அதுவே முதன்மையான எரிபொருள். மருத்துவர் எழுதித் தந்த ஆன்டிபயாடிக்கை அவர் சொன்னபடி சாப்பிடுங்கள், நீங்களாக வாங்காதீர்கள்.”

இந்தப் பத்தியில் ‘குடல்திணை’ இருக்கும் இடத்தில் உங்கள் சொல்லைப் போட்டுப் படித்துப் பார்த்து எழுதுங்கள். ‘நுண்ணுயிரகம்’ என்று முன்மொழிந்த நண்பரின் கருத்தையும் எதிர்பார்க்கிறேன்.